கார்டு எடுக்கிற நேரம்

தஞ்சாவூரைச் சுற்றி எடுத்த படங்களில் சாவு வீட்டுக் காட்சி வந்தால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கால்மாட்டில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மாரில் அடித்து அழும் பெண்களில் ஒருத்தி பெரும்பாலும் நானாகத்தான் இருப்பேன். கரந்தையில் வீட்டு முன்னறையில் ரவிக்கை தைப்பது என் பிழைப்பு. நடிப்பது என் ஆசை. கிளிசரின் கேட்காமல் அழுகிற ஆள் என்று எனக்கொரு பெயர் உண்டு. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

என்ன பிரயோசனம்? அழுகிறவளுக்கு வசனம் கிடையாது. "ஐயோ, போயிட்டியே" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் அது கூட்டத்துச் சத்தம்தான், வசனத்தில் சேராது. பெரிய கம்பெனிப் படத்தில் முகம் தெரிய நின்று ஒரு வரி பேச வேண்டுமென்றால், நடிக்கிறவர்களுக்கென்று இருக்கும் சங்கத்தில் சேர்ந்திருக்க வேண்டும். கையில் சங்கத்துக் கார்டு இருக்க வேண்டும். எனக்கு ஒரே ஒரு தடவையாவது பெரிய திரையில் என் குரலைக் கேட்டுவிட வேண்டும். அதற்கு மேல் பேராசை ஒன்றும் இல்லை.

அப்படியானால் கார்டை எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் கேட்டார்கள். சேர்க்கைக் கட்டணம் சின்னத் தொகை இல்லைதான், ஆனால் என் குழப்பம் அது இல்லை. கார்டு எடுத்துவிட்டால் சங்கத்தில் பதியாத படங்களில் நடிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் நடப்பதில் முக்கால்வாசி அந்த ரகம்தான். கல்லூரிப் பையன்களின் குறும்படம், ஜவுளிக்கடை விளம்பரம், யூடியூபில் வாரா வாரம் வரும் மாமியார் மருமகள் சண்டை. சீக்கிரம் சேர்ந்தால் இவ்வளவும் போய்விடும். தாமதமாகச் சேர்ந்தால் வயதாகிவிடும், பிறகு பிணமாகப் படுக்கத்தான் கூப்பிடுவார்கள். எப்போது சேருவது என்று நான் மூன்று வருடமாகப் பார்க்கிறவர்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருப்பனந்தாளிலிருந்து ஒருவர் நடிக்க வருவார். சுற்றுவட்டாரக் குறும்படங்கள் எல்லாவற்றிலும் அப்பா அவர்தான். மகன் காதலித்தாலும் அவர்தான் அடிப்பார், மகள் ஓடிப்போனாலும் அவர்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார். ஆசைப்பட்டு முதல் ஆளாகப் போய்க் கார்டு எடுத்தார். லேமினேட் செய்து சட்டைப் பையில், வெளியில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து கல்லூரிப் பையன்கள் அவரைக் கூப்பிடப் பயந்தார்கள். சென்னைக்காரர்களுக்கோ அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. என்னைப் பார்க்கும் போதெல்லாம், "அவசரப்படாதீங்கம்மா, நான் பட்டது போதும்" என்பார்.

உள்ளூர் ஆட்களைப் படப்பிடிப்புக்குச் சேர்த்து அனுப்பும் ஏஜெண்ட் ஒரு தம்பி. காதில் ஒரு போன், கையில் ஒரு போன். அவன் இன்னும் தெளிவாகச் சொன்னான்.

"அக்கா, நீங்க கார்டு எடுத்துட்டீங்கன்னா உங்க நம்பரை நான் அழிச்சிற வேண்டியதுதான். கோவிச்சுக்காதீங்க. தொழில் அப்படி."

என் வீட்டுக்காரர் நெல் லாரி ஓட்டுகிறவர். அவரிடம் கேட்டால், "எடுக்கணும்னா எடு, வேணாம்னா விடு, என் தலைய ஏன் தெனம் உருட்டுறே" என்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

மிச்சம் கீழ்வேளூர்க்காரி. படப்பிடிப்பில் எங்களுக்குள் ஊர்ப் பெயரையே கூப்பிடும் பெயராக வைத்துக்கொள்வோம். அவள் எனக்குக் கீழ்வேளூர், நான் அவளுக்குக் கரந்தை. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அவளுக்குச் சொந்தமாக மூன்று மா நிலம் இருந்தது. நடவுக்குப் போகும் பெண்கள் செட்டு ஒன்றுக்குத் தலைவி. நடவு இல்லாத நாட்களில் அந்தச் செட்டையே அப்படியே படப்பிடிப்புக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அடக்கம் என்பது அவளிடம் மருந்துக்கும் கிடையாது. முகத்தில் பவுடர், உதட்டில் சாயம், காதில் ஆடும் ஜிமிக்கி. கூட்டத்தில் கடைசி வரிசையில் நிறுத்தினாலும் எப்படியோ கேமராவின் முன்னால் வந்துவிடுவாள். ஒரு கல்லூரிக் குறும்படத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டராக நடித்ததிலிருந்து அவள் நடையே மாறிப்போயிருந்தது.

"எனக்குக் கார்டே வேணாம்டி. கார்டு எடுத்தா எவன் என்னை இன்ஸ்பெக்டரா போடுவான்? காலேஜ் புள்ளைங்கதான் போடுது. உனக்கு வேணும்னா போய் எடு. அதுக்கு ஏன் ஊரைக் கூட்டி வச்சுக் கேட்டுக்கிட்டுத் திரியுறே?" என்றாள்.

கோபம் வந்தது. அவள் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் கொஞ்சம் கூடவே வந்தது.

இப்படி இருக்கும்போது ஒரு புரட்டாசியில் பெரிய கம்பெனி ஒன்று நன்னிலம் பக்கத்தில் படம் எடுக்க வந்தது. நடவுக் காட்சி. ஆள் பொறுக்க வந்த உதவி இயக்குநருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். கீழ்வேளூர்க்காரியின் செட்டு முழுவதையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தான். அவளைப் பார்த்து, "நீங்க லிப்ஸ்டிக்கைத் துடைச்சிட்டுப் பின்னாடி நில்லுங்க" என்றான். பிறகு என்னிடம் வந்து நின்று, "உங்க முகத்துலதான் மேடம் மண் வாசனை இருக்கு" என்றான். நான் சேற்றில் கால் வைத்தது பள்ளிக்கூட வயதோடு சரி. கீழ்வேளூர்க்காரி அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தவள் ஒரு வாரம் நிறுத்தவில்லை.

மண் வாசனைக்கு வசனம் கொடுத்தார்கள். பல வருடம் கழித்து ஊருக்கு வரும் கதாநாயகி, நடவு வயலில் நிற்கும் ஒருத்தியிடம் தன் அம்மாவைப் பற்றி விசாரிக்கிறாள். அந்த ஒருத்தி நான். "உங்கம்மா நேத்தே கெளம்பிடுச்சு கண்ணு. உனக்குச் சொல்லலையா? சொல்லாம இருக்கறதே நல்லதுன்னு நெனச்சிருக்கும்." அவ்வளவுதான், மூன்று வரி. எனக்கு அது மூன்று படம் மாதிரி இருந்தது. தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். ஒருவருக்கு ரவிக்கைக் கையை மாற்றித் தைத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரர் லுங்கியைக் கட்டிக்கொண்டு கதாநாயகியாக நின்றார். கடைசி வரியில் நான் குரல் உடைந்து அழுததும் அவர் உண்மையாகவே பயந்துபோய், "யாரு கெளம்புனது?" என்று கேட்டார்.

ஆனால் கார்டு? ஏஜெண்ட் தம்பி நிலவரத்தைச் சொன்னான்.

"வசனம் பேச கார்டு வேணும்க்கா. ஒரு நாள் அனுமதி வாங்கிச் சமாளிச்சுக்கலாம்னு மேனேஜர் சொல்றாரு. ஆனா சென்னையிலேருந்து கார்டு உள்ள ஒரு அம்மாவையும் கூட்டியாறாங்க. சிக்கல் வந்தா அவங்க பேசிடுவாங்க."

அதாவது என் வசனத்துக்கு ஒரு மாற்று ஆள் காரில் வந்துகொண்டிருந்தாள். உடனே போய்க் கார்டு எடுத்தால் வசனம் உறுதி, உள்ளூர் வேலைகள் போய்விடும். எடுக்காமல் போனால் எல்லாம் மேனேஜர் கையில். முதலில் பேசிவிடுவோம், பெரிய திரையில் முகமும் குரலும் வந்த பிறகு சங்கத்தில் போய்த் தலை நிமிர்ந்து நிற்போம் என்று கணக்குப் போட்டேன். கார்டு இல்லாமலே கிளம்பினேன்.

வெயில் ஏறும் முன்பே வயலில் இறக்கிவிட்டார்கள். கம்பெனி வாடகைக்கு எடுத்த வயல். போர் போட்டுத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். முடி முடியாகக் கட்டிய நாற்றுக் கட்டுகள் வரப்பில் தயாராகக் கிடந்தன. முதல் ஷாட் நாங்கள் எல்லோரும் வரிசையாக நடுவது. கீழ்வேளூர்க்காரி உதட்டைத் துடைத்திருந்தாள், ஜிமிக்கியைக் கழற்றவில்லை. கேமரா ஓடியதும் அவள் கை நாற்றைப் பிரித்துப் பிரித்துச் சேற்றில் இறக்கிய வேகத்தைப் பார்த்து, பின்வரிசைக்குத் தள்ளிய பையனே ஓடி வந்து அவளை முன்னால் நிறுத்தினான். நான் பக்கத்தில் நின்று பாவனை பண்ணிக்கொண்டிருந்தேன். "நாத்தை நடுடி, பூ கட்டாதே" என்று உதடு அசையாமல் திட்டினாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. நாங்கள் ஒதுங்கப் போக இடம் இல்லை. நாலு பக்கமும் திறந்த வயல். வரப்பெல்லாம் ஆண்கள், லைட்டு, குடை. தலைக்கு மேலே கேமரா வைத்த ட்ரோன் வேறு சுற்றிக்கொண்டிருந்தது. நனைந்த புடவையை மாற்றிக்கொள்ள ஒரு மறைப்புகூட இல்லை. ரோட்டோரத்தில் கழிப்பறை வைத்த வேன் ஒன்று நின்றது. சென்னையிலிருந்து வந்த சங்கத்து ஆட்களுக்கு அது. எங்களில் கேட்கப் போன ஒருத்தியை, "கார்டு இருக்கறவங்களுக்குத்தாம்மா" என்று டிரைவர் திருப்பி அனுப்பிவிட்டார். காலையில் கீழ்வேளூர்க்காரி மேனேஜரிடம் சொன்னாள். "ஆகட்டும், ஏற்பாடு பண்றேன்" என்றார். அவ்வளவுதான். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள். எங்களில் ஒருத்திக்கு மாதவிலக்கு வேறு. அவள் முகத்தை யாரும் நேராகப் பார்க்க முடியவில்லை.

மதியச் சாப்பாடு முடிந்தது. அடுத்த ஷாட்டுக்கு விசில் ஊதினார்கள். கீழ்வேளூர்க்காரி வரப்பில் ஏறினாள். சேற்றுக் காலோடு நின்றாள். கையைக் கட்டிக்கொண்டாள். அவள் செட்டுப் பெண்கள் ஒவ்வொருத்தியாக ஏறிப் பக்கத்தில் நின்றார்கள்.

எங்கள் பக்கத்தில் நடவுச் செட்டு வரப்பில் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பேச வேண்டியதைப் பேசி முடிக்கும் வரை கால் சேற்றில் இறங்காது. கத்துவது, கோஷம் போடுவது எதுவும் கிடையாது. தலைவி முதலில் இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். அதைப் பார்த்த நிலத்துக்காரர் எவரும் பத்து நிமிடத்துக்கு மேல் சும்மா இருக்க மாட்டார், பிடுங்கிய நாற்று வெயிலில் வாடிப்போகும் என்று ஓடி வருவார். ஆனால் மேனேஜர் சினிமாக்காரர். நாங்கள் களைத்துப்போய்க் காற்று வாங்குகிறோம் என்று நினைத்துவிட்டார்.

"பாவம், ரெஸ்ட் எடுத்துக்கங்கம்மா. டேய், அம்மாங்களுக்கு டீ குடு" என்றார்.

டீ வந்தது. குடித்தோம். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தோம். நின்றோம். இப்போது இன்னும் நன்றாகத் தெம்பாக நின்றோம். மேனேஜர் கொஞ்ச நேரம் புன்னகையோடு பார்த்தார். ஏஜெண்ட் தம்பிதான் ஓடி வந்தான்.

"சார், இது ரெஸ்ட் இல்ல சார். நிக்கிறாங்க சார்."

"அதான் தெரியுதே, நிக்கிறாங்க."

"எறங்க மாட்டாங்க சார்!"

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கோபத்தில் போன் போட்டுப் பக்கத்து ஊரிலிருந்து வேறு செட்டை டெம்போவில் வரவழைத்தார். அவர்கள் வந்து இறங்கினார்கள், வரப்பில் எங்களைப் பார்த்தார்கள், எதிர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார்கள். ஒரு செட்டு நிற்கிற வயலில் இன்னொரு செட்டு இறங்குவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். அப்படியே இறங்கியிருந்தாலும் பயனில்லை. காலையில் எடுத்த ஷாட்டில் எங்கள் முகம் பதிந்துவிட்டது. முன்வரிசையில் கீழ்வேளூர்க்காரியின் ஜிமிக்கி ஆடுகிறது. மதியம் அதே வயலில் வேறு முகங்களைக் காட்ட முடியாது.

"பாத்தியா?" என்று என் காதில் சொன்னாள். "காலையிலேயே நின்னிருந்தா வேற வயலு, வேற ஆளுன்னு போயிருப்பான். முன்னாடி நிக்கிறதுக்குத்தான் அவ்வளவு வேகமா நட்டேன்."

கேமரா முன்னால் நிற்கும் ஆசையில் அவள் அப்படி நட்டாள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஆசையும் இருந்திருக்கும், அவளைத் தெரியாதா எனக்கு. ஆனால் ஒரு முழுக் காலைப்பொழுதும் மனதில் இதை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே நட்டிருக்கிறாள்.

மேனேஜருக்கு அடுத்த வழி நான்தான். அடுத்தது என்னுடைய வசனக் காட்சி. நானும் கதாநாயகியும் மட்டும் தெரிந்தால் போதும், பின்னால் மங்கலாக நாலு பேர் போதும். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தழைத்துக்கொண்டார்.

"மேடம், நீங்க ஆர்ட்டிஸ்ட். இவங்களோட ஏன் நிக்கறீங்க? வந்து உங்க வசனத்தைப் பேசுங்க. உங்க கார்டுக்கு நானே சிபாரிசு பண்றேன். திங்கக்கிழமையே நீங்க சங்கத்து மெம்பர்."

மூன்று வருடமாக நான் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்விக்கு, தேதியோடு பதில் கிடைத்துவிட்டது. வரப்பைத் திரும்பிப் பார்த்தேன். கீழ்வேளூர்க்காரிக்கு எல்லாம் கேட்டிருந்தது. கோபப்படுவாள் என்று பார்த்தால் தலையை ஆட்டினாள்.

"போடி. போய்ப் பேசு. எத்தனை நாளு ஆசை உனக்கு. நாங்க ஒண்ணும் நெனச்சுக்க மாட்டோம்."

அவள் அதை மனதாரச் சொன்னாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. வாடி என்று இழுத்திருந்தால்கூட உதறிவிட்டுப் போயிருப்பேன், என் குணம் அப்படி. "நீ யாரு எனக்கு பர்மிஷன் குடுக்க?" என்று அவள்மீது எரிந்து விழுந்துவிட்டு, மறுபடியும் வரப்பில் ஏறி அவள் பக்கத்திலேயே நின்றேன். நின்ற பிறகு அழுகையாக வந்தது. என் மூன்று வரி என் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கிவிட்டு வேன் பக்கம் பார்த்துக் கையசைத்தார். சென்னையிலிருந்து வந்த அந்த அம்மா இறங்கி வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். நான் கட்டியிருந்ததைப் போலவே சாயம்போன பச்சைப் புடவை. ஒப்பனை முடிந்து தயாராக இருந்தார். கார்டும் இருந்தது. "நீங்களே பேசிடுங்கம்மா" என்று மேனேஜர் காகிதத்தை நீட்டினார். அவர் அதை வாங்கிப் படித்தார். பிறகு வரப்பில் நின்ற எங்களை நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை.

வரப்பு வழுக்கியது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தடுமாறிக்கொண்டே எங்களிடம் வந்தார்.

"என்னங்க ஆச்சு? ஏன் எல்லாரும் நிக்கறீங்க?"

"ஒதுங்க எடமில்லைங்க. காலையிலேருந்து பொறுத்துப் பாத்தாச்சு. அந்தா நிக்கிற புள்ளைக்குத் தீட்டு வேற. அந்த வண்டியில கார்டு உள்ளவங்கதான் ஏறலாமாம்" என்றாள் கீழ்வேளூர்க்காரி.

அந்த அம்மாவின் முகம் மாறியது. "காலையிலேருந்தா?" என்றார். "நான் அந்த வண்டிக்குள்ளதானே உக்காந்திருந்தேன். யாரும் சொல்லலையே."

யாரிடமும் எதுவும் விவாதிக்கவில்லை. வந்த வழியே தடுமாறிக்கொண்டு திரும்பி ரோட்டுக்குப் போனார். டிரைவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அதைக் காதில் வாங்காமல் வேனுக்குள் ஏறினார், கதவை உள்ளிருந்து முழுதாகத் திறந்து தள்ளினார், படிக்கட்டில் உட்கார்ந்து ஒரு கையால் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டார். எங்களைப் பார்த்து, "வாங்க, அந்தப் பொண்ணை முதல்ல அனுப்புங்க" என்று கூப்பிட்டார்.

மேனேஜர் பின்னாலேயே ஓடினார். "மேடம், வெளிச்சம் போவுது. ஷாட்டுக்கு வாங்க."

"இவங்க போயிட்டு வரட்டும் சார். இவங்க எறங்காம நான் எப்படி எறங்கறது? நாளைக்கும் இந்தக் கதவு தொறந்துதான் இருக்கணும், இப்பவே சொல்லிட்டேன். இல்லன்னா சங்கத்துல நான் சொல்ல வேண்டியதைச் சொல்லுவேன்."

குரலை உயர்த்தவே இல்லை. புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். மேனேஜர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் வானத்தைப் பார்த்தார். முதலில் அந்தப் பெண் போனாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போனோம். கடைசிப் பெண் இறங்கி வரும் வரை அவர் படியைவிட்டு எழுந்திருக்கவில்லை. கீழ்வேளூர்க்காரி வயலுக்கு வந்து, சேற்றில் காலை வைத்தாள். மற்றவர்கள் இறங்கினார்கள்.

இருந்த வெளிச்சத்தில் வசனக் காட்சியை எடுத்தாக வேண்டும். அனுமதி, சிபாரிசு என்றெல்லாம் மேனேஜர் சொன்னது வரப்பிலேயே காற்றோடு போயிருந்தது. கார்டு இருக்கிறவர்தான் பேச வேண்டும் என்று ஆகிவிட்டது. என்னைப் பின்னால் மங்கலாகத் தெரியும் நாலு பேரில் ஒருத்தியாக நிறுத்தினார்கள். என் மூன்று வரியை அந்த அம்மா பேசினார்.

நான் அதை எப்படிப் பேசியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து, கண்ணில் நீர் கோர்த்து, கடைசி வரியில் குரல் உடைந்து, மொத்தத் திறமையையும் கொட்டியிருப்பேன். அவர் நிமிரவே இல்லை. குனிந்தபடி நாற்றைப் பிரித்துக்கொண்டே, "உங்கம்மா நேத்தே கெளம்பிடுச்சு கண்ணு" என்றார். அடுத்த நாற்றை எடுத்தார். "உனக்குச் சொல்லலையா?" அதை நட்டார். அந்த இடத்தில் அவர் கை மட்டும் ஒரு கணம் சேற்றுக்குள்ளேயே நின்றது. "சொல்லாம இருக்கறதே நல்லதுன்னு நெனச்சிருக்கும்." கதாநாயகிக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. அழ வேண்டியது கேட்கிறவள், சொல்கிறவள் இல்லை என்பது இத்தனை சாவு வீட்டில் அழுத எனக்குத் தோன்றவே இல்லை.

கட் சொன்னதும் முதலில் கை தட்டியது நான்தான். பொறாமையில் வயிறு எரிந்தது. அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் இருந்தன.

வாய்க்காலில் காலைக் கழுவும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அது உங்க வசனம்னு சொன்னாங்க. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

"ஆமாங்க, வயிறு எரியுது" என்றேன். "ஆனா நான் பேசியிருந்தா கெடுத்திருப்பேன்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். இவரிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது என்று, நீங்கள் எப்போது சேர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கா? மாசமா இருந்தேன். ஒரு ஷூட்டிங்ல வெயில் தாங்காம விழுந்துட்டேன். தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது சங்கத்து ஆளுங்க ரெண்டு பேரு. அதனால அவங்க வேஷம் அன்னிக்குப் போச்சு. புள்ள பொறந்ததும் போய்ச் சேர்ந்துட்டேன்" என்றார். முந்தானையால் காலைத் துடைத்துக்கொண்டு, "அதுல நேரம் எல்லாம் ஒண்ணும் பாக்கலீங்க" என்றார்.

திரும்பி வரும் டெம்போவில் கீழ்வேளூர்க்காரி ஜிமிக்கியைக் கழற்றிச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, உதட்டுக்கு மறுபடி சாயம் பூசினாள். நான் கார்டு எடுக்கப் போகிறேன் என்றேன்.

"வசனந்தான் போச்சேடி. இப்ப எதுக்கு?"

"நீ வரியா, அதைச் சொல்லு."

"நான் வர மாட்டேன். நான் நிக்கிற எடத்துலயே நிக்கிறேன்" என்றாள். பிறகு கொஞ்ச தூரம் போன பின், "நீ போ. போறதுதான் சரி" என்றாள். அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். இன்று வரை வேறு கிடைக்கவில்லை.

எல்லோரும் தப்பான நேரம் என்று சொன்ன நேரத்தில், கையில் ஒரு வரி வசனம்கூட இல்லாமல் சென்னைக்குப் பஸ் ஏறினேன். அந்த அம்மாதான் சங்கத்தில் என் பெயரை முன்மொழிந்தார். ஏஜெண்ட் தம்பி சொன்னபடியே என் நம்பரை அழித்துவிட்டான், ஆனால் அழிக்கும் முன் போன் போட்டுச் சொல்லிவிட்டு அழித்தான், அதற்காக அவனை எனக்குப் பிடிக்கும்.

சங்க அலுவலகத்தில் மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் இருந்தார். என் போட்டோவையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"படம் ஏதாவது கையில இருக்காம்மா?"

"இல்லைங்க."

"பேசுற வேஷம் ஏதும் சொல்லியிருக்காங்களா?"

"இல்லைங்க."

"எல்லாரும் ஒரு வேஷம் கெடைச்ச பிறகுதான் வருவாங்க. நீங்க ஏன் இப்பவே?"

வழியெல்லாம் இதற்கு ஒரு நல்ல பதில் தயார் செய்து வைத்திருந்தேன். கலைச் சேவை, சின்ன வயது ஆசை என்றெல்லாம் வரும். அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"எங்க ஊர்ப் பக்கம் ஷூட்டிங்குக்கு ஒரு வேன் வரும் சார்," என்றேன். "கீழ்வேளூர்க்காரி ஒருத்தி வெளியில நிப்பா. கதவை உள்ளேருந்து தொறக்க ஒரு ஆள் வேணும்."